யார் வழி வந்த நோய்?

மதுரைப் பக்கம், நடந்துகொண்டிருந்த பையன் விழத் தொடங்கினால் "இது யார் வழியில வந்துச்சு?" என்றுதான் முதலில் கேட்பார்கள். டூஷென் தசைச்சிதைவு நோயில் அறிவியலே அந்தக் கேள்விக்குத் துணைபோவதுபோலத் தோன்றும். பழுதான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. மகனுக்கு அது தாயிடமிருந்து வருகிறது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பையனுக்கு அந்தப் பழுது புதிதாகத் தோன்றியது, தாயின் மரபில் இல்லாதது என்ற செய்தி மட்டும் வீட்டுத் திண்ணைவரை வந்து சேர்வதில்லை. எஸ்.எம்.ஏ. என்னும் இன்னொரு தசை நோய்க்குப் பெரும்பாலும் தாய், தகப்பன் இருவரின் மரபணுவும் காரணம். அங்கேயும் பழி மருமகளுக்குத்தான்.

பழி சுமந்த தாய்மார்கள் அரசை நோக்கித் திரும்பிய வரலாறு ஒன்று உண்டு. அமெரிக்காவில் செவிலியரான பாட் ஃபர்லாங், இரண்டு மகன்களுக்கும் டூஷென் என்று தெரிந்தபின், 1994இல் மற்ற பெற்றோருடன் ஓர் அமைப்பைத் தொடங்கினார். 2001இல் வந்த சட்டம் டூஷெனுக்கு மட்டுமல்லாமல் எல்லாத் தசைச்சிதைவு நோய்களுக்கும் அரசு ஆய்வை விரிவாக்கச் சொன்னது. அப்போது அவருடைய மகன்கள் இருவருமே உயிரோடில்லை. தன் பிள்ளைக்கு எட்டாத ஆய்வுக்காக ஒரு தாய் அலைவதைத் தியாகம் என்று பாராட்டி முடித்துவிடுவது நம் வழக்கம். நான் அதை அரசியல் என்றே சொல்வேன்.

இங்கே 2014இல் எஸ்.எம்.ஏ. குழந்தைகளின் பெற்றோர் அமைப்பானார்கள். அதன் நிறுவனர்களில் அர்ச்சனா பாண்டா, அல்பனா சர்மா என்ற பெண்கள் உண்டு. ஒவ்வொரு நோய்க்கும் ஆட்கள் குறைவு. தனித்தனியே போனால் எந்த அமைச்சகமும் நிமிர்ந்து பார்க்காது. அதனால் அரிய நோய்கள் என்ற ஒரே பெயரின்கீழ் சேர்ந்து நின்றார்கள். 2017இல் வந்த கொள்கையை அரசு மறு ஆண்டே நிறுத்திவைத்தது. 2021இல் புதியது வந்தது. 2022இல் ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய்வரை என்றானது. ஆயுள் முழுக்கத் தேவைப்படும் மருந்துக்கு அது எத்தனை நாள் வரும்? 2024 அக்டோபரில் டெல்லி உயர் நீதிமன்றம், இரண்டு நிதியாண்டுகளுக்கு 974 கோடி ஒதுக்கச் சொன்னது. வெளிநாட்டு மருந்தின் விலையே இப்படியிருக்க, உள்நாட்டு ஆய்வைக் கேட்பது ஆடம்பரமல்ல.

ஆனால் ஆய்வுக்குப் பெண்களின் ரத்தமும் வேண்டும். கோவையில் பி.ஆர்.லட்சுமி தொடங்கிய மையம் தசைச்சிதைவுக் குடும்பங்களுக்கு மரபணுச் சோதனை செய்கிறது. பையனுக்கு நோய் உறுதியானால் அடுத்து அக்காவின், சித்தியின் பேச்சு வரும். கல்யாணத்துக்கு முன் அந்த முடிவு யார் கையில் போகும், அதைக் கேட்கும் உரிமை மாப்பிள்ளை வீட்டாருக்கு உண்டா என்பதையும் நிதி கேட்கும் மனுவிலேயே எழுத வேண்டும்.