விண்மீன் விட்ட அளவீடு: வரலாறும் சொல்லாட்சியும்

‘விண்மீனின் அளவு’ என்னும் தொடர் இருபொருள்பட நிற்பது. விண்மீனின் விட்டம் நோக்குவோரிடத்து அமைக்கும் கோணம் ஒன்று. அவ்விட்டத்தின் உண்மை நீளம் மற்றொன்று. முன்னது கருவியால் அளக்கப்படுவது; பின்னது விண்மீனின் தொலைவைக் கொண்டு கணக்கிடப்படுவது. மொழிபெயர்ப்பில் இவ்வேறுபாடு மறையின், அளந்தது எது, கருதிக்கொண்டது எது என்பதும் மறைந்துவிடும். இத்துறையின் வரலாறு இதனைத் தெளிவுறுத்துகிறது.

விண்மீன்கள் மிகத் தொலைவில் இருப்பதால் பெரிய தொலைநோக்கியிலும் புள்ளியாகவே தோன்றின. 1868-இல் பிரெஞ்சு அறிஞர் பிசோ ஒரு வழியைச் சுட்டினார். தொலைநோக்கியின் முகப்பில் இரு திறப்புகளை மட்டும் விட்டு மறைத்தால், அவற்றின் வழியே வரும் ஒளி கலந்து குறுக்கீட்டுப் பட்டைகளைத் தோற்றுவிக்கும். விண்மீனின் ஒவ்வொரு பகுதியும் தனக்குரிய பட்டைகளை உண்டாக்கும். திறப்புகளின் இடைவெளியை மிகுத்துக்கொண்டே சென்றால், ஒரு பகுதியின் ஒளிப்பட்டைமீது மற்றொரு பகுதியின் இருட்பட்டை படிந்து, ஒரு நிலையில் பட்டைகள் மறையும். அவ்விடைவெளியும் ஒளியின் அலைநீளமும் கோணத்தைத் தரும். மார்செய் நகரில் 80 செ.மீ. தொலைநோக்கியால் ஸ்டெபான் இதனை முயன்றார். பட்டைகள் மறையவில்லை. விண்மீன்களின் கோண விட்டம் 0.158 விகலைக்கும் குறைவு என்பதே 1874-இல் அவர் கண்ட முடிவு. விகலை என்பது பாகையில் 3600-இல் ஒரு கூறு.

1920 டிசம்பர் 13-ஆம் நாள் வெற்றி கிட்டியது. மைக்கல்சன் வகுத்த முறைப்படி, அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் ஆய்வகத்தில் 100 அங்குலத் தொலைநோக்கியின் மேல் 20 அடி உத்தரம் பொருத்தப்பட்டு, அதில் கண்ணாடிகள் அமைக்கப்பட்டன. பீஸ் நோக்கியபோது, 121 அங்குல இடைவெளியில் திருவாதிரையின் பட்டைகள் மறைந்தன. கோண விட்டம் 0.047 விகலை எனப் பெறப்பட்டது. அக்காலத்தில் கொள்ளப்பட்ட தொலைவு ஏறத்தாழ 180 ஒளியாண்டு. அதன்படி விட்டம் ஏறத்தாழ 38.6 கோடி கி.மீ. ஆயிற்று. இன்று அத்தொலைவு 500 ஒளியாண்டுக்கும் மேற்பட்டதாக மதிப்பிடப்படுகிறது. ஆகவே நீளம் ஏறத்தாழ மும்மடங்காயிற்று. கோணமோ பெரிதும் மாறவில்லை. 1920-இல் அளக்கப்பட்டது கோணமே என்பதை இது காட்டுகிறது.

பீஸ் பின்னர் அமைத்த 50 அடிக் கருவியில், நீண்ட உத்தரத்தை அசையாது நிறுத்துதல் அரிதாயிற்று. ஹான்பரி பிரவுனும் டுவிசும் வேறு வழி கண்டனர். நீலகிரியின் அருவங்காட்டில் 1916-இல் பிறந்தவர் ஹான்பரி பிரவுன். ஆஸ்திரேலியாவின் நாராப்ரியில் 188 மீட்டர் விட்டமுள்ள வட்டத் தண்டவாளத்தில் இரு பெருங்கண்ணாடிகள் இயங்கின. இங்கு ஒளிக்கதிர்கள் கலக்கப்படவில்லை. இரு கண்ணாடிகளிலும் ஒளிச்செறிவு ஏறியிறங்கும் ஒப்புமையே கணிக்கப்பட்டது. 1974-இல் வெளிவந்த முடிவுகள் 32 விண்மீன்களின் கோண விட்டங்களைத் தந்தன. இக்கருவியைச் ‘செறிவுக் குறுக்கீட்டுமானி’ என அடைகொடுத்துச் சுட்டுதலே பொருந்தும்; ‘குறுக்கீட்டுமானி’ என்று மட்டும் கூறின், இல்லாத பட்டைகளைப் படிப்போர் எண்ணுவர்.

அதே 1974-இல் பிரான்சின் நீஸ் நகரில் லபேரி தனித்தனியான இரு தொலைநோக்கிகளின் ஒளியை இணைத்து, வேகா விண்மீனின் பட்டைகளைக் கண்டார். அவ்வழியில் வளர்ந்த மவுண்ட் வில்சனின் சாரா அமைப்பில் ஆறு தொலைநோக்கிகள் 330 மீட்டர் வரையிலான இடைவெளியில் இணைகின்றன.

நுண்மை மிகுந்தபோது கோண விட்டமும் இருவகைப்பட்டது. விண்மீனின் வட்டு எங்கும் ஒரே ஒளியுடையது எனக் கொண்டு பெறுவது ஒன்று. விளிம்பு மங்குதலைக் கருதித் திருத்திப் பெறுவது மற்றொன்று. பின்னது சற்றுப் பெரிது.

எனவே கோண விட்டம், திருத்திய கோண விட்டம், நீள விட்டம் ஆகிய மூன்றையும் ‘அளவு’ என்னும் ஒரு சொல்லால் பெயர்த்தல், அளவீட்டையும் கணிப்பையும் ஒன்றாக்கிவிடும். அவற்றைப் பிரித்தறிய மூலநூலில் தொலைவு எங்குப் புகுகிறது என நோக்குதல் வேண்டும். தொலைவு புகும் இடத்திலேயே கோணம் நீளமாகிறது. சொல்லும் அவ்விடத்திலேயே மாறுதல் முறை.