முதலில் ஏறுகிறவர்கள்

சென்ற மே மாதம் ஏற்காட்டுக்குப் போவதற்காகச் சேலம் பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். கோடை விழாச் சமயம். கூட்டத்தைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. பழக்கூடையோடு நின்ற ஓர் இளைஞன் என் முகத்தைப் பார்த்தே என் மனத்தைப் படித்துவிட்டான்.

"இருபது ரூபாய் குடுங்க சார், துண்டு போட்டு இடம் பிடிச்சுத் தரேன்" என்றான்.

கொடுத்தேன். வண்டி வந்து நிற்பதற்கு முன்பே அவன் ஓடிப்போய் ஜன்னல் வழியாக என் துண்டை வீசினான். டிரைவருக்குப் பின்னால் முதல் வரிசையில், ஜன்னல் ஓரத்தில், ராஜா மாதிரி உட்கார்ந்தேன். பின்னால் நெருக்கிக்கொண்டு நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தபோது, என்னைப் போல் கெட்டிக்காரன் கிடையாது என்று தோன்றியது.

அந்தக் கெட்டிக்காரத்தனம் எவ்வளவு நேரம் நீடித்தது? டிரைவர் டீ குடித்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகுதான் வண்டி புறப்பட்டது. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் முதல் வரிசைக்காரனும் கடைசி வரிசைக்காரனும் ஒன்றாகவே கடந்தோம். ஏற்காட்டில் பஸ் நின்றதும் ஒரு வேடிக்கை நடந்தது. பின்படியில் தொற்றிக்கொண்டு வந்தவர்கள் 'தொப் தொப்'பென்று குதித்துப் போய்விட்டார்கள். இருபது ரூபாய் கொடுத்து முதலில் ஏறிய நான், பையும் குடையுமாகக் கடைசி ஆளாக இறங்கினேன்!

அன்று மாலை ஏரிக்கரையில் நின்று, படகுக்கு வரிசையில் காத்திருக்கும் ஜனங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கைப்பேசி ஒலித்தது. சென்னையிலிருந்து என் தங்கை மகன் பேசினான்.

"மாமா, அம்மாவை உல்லாசக் கப்பலில் கூட்டிக்கொண்டு போகப் போகிறேன். சிங்கப்பூரில் ஏறிப் பினாங்கு போய்விட்டு வருகிற கப்பல். டிக்கெட் வாங்கியாகிவிட்டது. கூடக் கொஞ்சம் பணம் கட்டினால் எல்லோருக்கும் முன்னால் ஏற்றிவிடுகிறார்களாம். கட்டலாமா? நீங்கள்தான் பழைய கதையெல்லாம் தெரிந்தவர் ஆயிற்றே!"

துண்டு போட்ட வெட்கம் இன்னும் ஆறவில்லை. "நாளைக்குச் சொல்கிறேன்" என்று சொல்லி வைத்தேன். அன்று இரவு யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், நான் நின்ற மலையையே எடுத்துக்கொள்ளலாம். ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு என்ற பெயர் வந்தது என்பார்கள். சேர்வராயன் மலையில், கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய ஐயாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை இங்கே காபிச் செடியைக் கொண்டுவந்தார். காபி வந்தது, காபியைப் பின்பற்றித் தோட்டத் துரைமார்கள் வந்தார்கள், துரைமார்களின் மனைவி மக்கள் வந்தார்கள். ஆனால் இன்று இருக்கிற மலைச் சாலை அப்போது ஏது? அடிவாரத்திலிருந்து குதிரை போகும் பாதைதான். மட்டக்குதிரையில் ஏறலாம், இல்லாவிட்டால் தூக்கு நாற்காலியில் ஏறலாம். நாற்காலியின் மூங்கில்களை ஆட்கள் தோளில் தாங்கிக்கொண்டு மலை ஏறுவார்கள். தோள் மாற்றுவதற்கு வேறு ஆட்களும் கூடவே நடப்பார்கள்.

நாற்காலிக்குப் பணம் கொடுத்தவர் சீக்கிரம் போய்ச் சேர்ந்தாரா? அதுதான் இல்லை. நாற்காலியைச் சுமக்கிறவன் நடக்கிற வேகத்தில்தான் நாற்காலியும் போகும். வெறுங்கையோடு நடக்கிறவன் அவர்களுக்கு முன்பே மலை உச்சிக்குப் போய்விடுவான். ஆகவே, துரை கொடுத்த பணம் நேரத்தை வாங்கவில்லை. தம்முடைய வியர்வையை இன்னொருவனுடைய உடம்புக்கு மாற்றிக்கொள்ளத்தான் அது பயன்பட்டது. நோயாளிக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கும் அது அவசியமாக இருந்திருக்கலாம். மற்றவர்களுக்கு அது வெறும் அந்தஸ்து.

சமவெளியில் ரயில் வந்த பிறகு இந்த விவகாரம் வகுப்பு என்ற பெயரில் தொடர்ந்தது. 1917-ஆம் ஆண்டில் காந்திஜி பம்பாயிலிருந்து சென்னைக்கு மூன்றாம் வகுப்பில் பிரயாணம் செய்துவிட்டு, பத்திரிகைகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். 22 பேருக்கான வண்டியில் சில சமயம் 35 பேர் வரையில் அடைந்து கிடந்தார்களாம். அதோடு அவர் ஒரு கணக்கும் போட்டார். முதல் வகுப்புக் கட்டணம் மூன்றாம் வகுப்பைப் போல ஐந்து மடங்குக்குச் சற்று அதிகம். அப்படியானால் முதல் வகுப்புக்காரருக்குக் கிடைக்கும் சௌகரியத்தில் ஐந்தில் ஒரு பங்காவது, போகட்டும், பத்தில் ஒரு பங்காவது ஏழைக்குக் கிடைக்கிறதா என்று கேட்டார். கூடுதல் பணத்தைப் பற்றிப் பேசுகிற யாரும் மறக்கக் கூடாத கேள்வி அது. அதிகம் கொடுத்தவனுக்கு என்ன கிடைத்தது என்று மட்டும் பார்த்தால் போதாது. கொடுக்காதவனிடமிருந்து என்ன போயிற்று என்றும் பார்க்க வேண்டும். ரயிலில் மூன்றாம் வகுப்பு என்ற பெயர் 1974-இல்தான் ஒழிந்தது.

இனிக் கப்பலுக்கு வருவோம். தமிழர்களுக்குக் கப்பல் பிரயாணம் என்றால் ஒரு காலத்தில் ரஜூலாதான். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்காகக் கிளாஸ்கோவில் கட்டப்பட்டு, 1926-இல் வெள்ளோட்டம் கண்ட கப்பல் அது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று சுமார் நாற்பத்தைந்து வருஷங்களுக்கு மேல் போய்வந்துவிட்டு, 1973-இல் கைமாறி, அடுத்த வருஷமே உடைபட்டுப் போயிற்று. ஆரம்பத்தில் ஐயாயிரம் பேருக்கு மேல் மேல்தட்டுப் பிரயாணிகளை ஏற்றிக்கொள்ள அதற்கு உரிமம் இருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

கப்பலில் அறை எடுத்தவருக்கு எண் போட்ட கதவு உண்டு. முதலில் ஏறினாலும் கடைசியில் ஏறினாலும் அந்தக் கதவு அவருக்காகக் காத்திருக்கும். ஆனால் 'டெக்' பிரயாணிக்கு எண்ணும் கிடையாது, கதவும் கிடையாது. பாயை எங்கே விரித்தானோ, அதுதான் வீடு. அங்கேதான் சமையல் பாத்திரம், பெட்டி, பிள்ளை குட்டி எல்லாம். அப்படிப்பட்ட இடத்தில் முதலில் ஏறுவதற்கு உண்மையிலேயே மதிப்பு இருந்தது. நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல் கரைக்கு வராது. கடலில் தள்ளி நிற்கும். படகில் போய்த்தான் ஏற வேண்டும். முதல் படகில் போனவனுக்கு நல்ல இடம்!

என் அம்மாவுக்கு அப்போது எட்டு வயது. வருஷம் 1936. தாத்தா பினாங்கில் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். பாட்டி, குழந்தையான அம்மாவைக் கூட்டிக்கொண்டு அவரிடம் போவதற்காக நாகப்பட்டினத்துக்கு வந்தாள். வழியனுப்ப வந்த பாட்டியின் அண்ணா, கரையில் யாரோ ஓர் ஆளுக்கு இரண்டு ரூபாய் கொடுத்து அவர்களை முதல் படகில் ஏற்றிவிட்டார். அந்தக் காலத்து இரண்டு ரூபாய்! பாட்டிக்கு மேல்தட்டில் காற்று வருகிற ஓரமாக அருமையான இடம் கிடைத்தது. கடைசிப் படகில் வந்த ஒரு பெண், கைக்குழந்தையோடு நின்று, "கொஞ்சம் நகர்ந்துக்கிறீங்களா, அக்கா?" என்று கேட்டாளாம். பாட்டி கேட்காதவள் போல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தப் பெண் உள்பக்கமாக, காற்றே வராத புழுக்கத்தில் போய்ப் பாயை விரித்தாள்.

மூன்றாம் நாள் இரவு மழை பிடித்தது. காற்று வந்த ஓரமாகத்தானே சாரலும் வரும்? பாய், படுக்கை, பெட்டி எல்லாம் நனைந்து, எட்டு வயதுக் குழந்தை குளிரில் நடுங்க ஆரம்பித்துவிட்டது. பாட்டி இருட்டில் தடுமாறிக்கொண்டு உள்ளே போனாள். எல்லாரும் நெருக்கிப் படுத்திருந்தார்கள். யாரிடம் கேட்பது? கேட்கவும் நா எழவில்லை. அப்போது யாரோ பாயைச் சுருட்டி நகர்த்துகிற சத்தம் கேட்டது.

"இப்படி வாங்க அக்கா, பிள்ளையை இங்கே படுக்க வையுங்க."

அதே பெண்தான்.

பாட்டி இந்தக் கதையைத் தன் வாயால் சொன்னதே இல்லை. அம்மாதான் எனக்கும் என் தங்கைக்கும் சொல்லுவாள். சொல்லும்போதெல்லாம், "ரெண்டு ரூபாய்க்கு வாங்கின இடம் மூணு நாளைக்குத்தான் வந்தது" என்று முடிப்பாள்.

அந்தக் கதைக்கு இன்னும் ஒரு பாதி உண்டு. கப்பல் பினாங்குக்குப் போய்ச் சேர்ந்ததும், அறைகளில் வந்தவர்கள் நேரே கரையில் இறங்கி வீட்டுக்குப் போனார்கள். டெக் பிரயாணிகளை மட்டும், தொற்றுநோய் பயத்தால், ஜெரஜா தீவுக்குக் கொண்டுபோய் நாள் கணக்கில் தடுத்து வைத்தார்கள். சிங்கப்பூருக்குப் போனவர்களுக்குச் செயின்ட் ஜான்ஸ் தீவு. அது அந்தக் காலத்துச் சட்டம். முதல் படகில் ஏறிய பாட்டியும், கடைசிப் படகில் ஏறிய அந்தப் பெண்ணும் ஒரே கொட்டகையில் ஒன்றாகத்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஆக, கூடுதல் பணத்தின் உண்மையான பலன் ஏறும்போது தெரியவில்லை, இறங்கும்போதுதான் தெரிந்தது.

இதன் மிகக் கொடிய உதாரணம் உலகத்துக்கே தெரிந்தது. 1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கியபோது கப்பலில் சுமார் 2,200 பேர் இருந்தார்கள். உயிர்காக்கும் படகுகளில் 1,178 பேருக்குத்தான் இடம். முதல் வகுப்பில் பத்துப் பேருக்கு ஆறு பேர் பிழைத்தார்கள். மூன்றாம் வகுப்பில் நாலு பேருக்கு ஒருவர்தான். படகில் முன்னால் ஏறுவதற்கென்று யாரும் தனியாக டிக்கெட் விற்கவில்லை. இருந்தும், டிக்கெட்டின் நிறம் தானாகவே வரிசையை ஏற்படுத்திவிட்டது.

இவ்வளவையும் கூட்டிப் பார்த்தால், விஷயம் சிக்கலாக இல்லை. ஏறிய பிறகு கிடைக்கப்போகும் இடம் முன்னாலேயே உங்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தால், முதலில் ஏறுவதற்குப் பணம் கொடுப்பது துண்டுக்குக் கொடுத்த இருபது ரூபாய்தான். இடம் ஒதுக்கப்படாமல், முந்தியவனுக்கே என்று இருந்தால், பணத்துக்குப் பலன் உண்டு; ஆனால் அந்தப் பலன் இன்னொருவனுடைய பாயிலிருந்து எடுத்தது என்பதை மறக்கக் கூடாது.

இன்றைய உல்லாசக் கப்பல் எந்த ரகம்? அறைக்கு எண் உண்டு. எல்லோரும் ஏறி முடிந்த பிறகுதான் கப்பல் நகரும். முதலில் ஏறுகிறவர்களுக்கும் பெரும்பாலும் மத்தியானம் வரையில் அறை தயாராக இருப்பதில்லை. கைப்பையை வைத்துக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். வரிசையில் நிற்கிற ஒரு மணியோ இரண்டு மணியோ மிச்சமாகலாம், அவ்வளவுதான். பெரிய கப்பல் கரையை அணுக முடியாத ஊர்களில், பழைய நாகப்பட்டினம் மாதிரி சிறு படகில் இறக்குவார்கள். அங்கே பகல் பொழுது சொற்பம். முதல் படகுக்குப் பணம் கொடுத்தால் ஒரு நியாயம் இருக்கிறது. பினாங்கிலோ கப்பல் நேரே துறையிலேயே போய் நிற்கும். கடைசி நாளில் விமானத்தைப் பிடிக்க வேண்டியவன் முதலில் இறங்குவதற்குப் பணம் கொடுத்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன்.

மறுநாள் காலையில் தங்கை மகனைக் கூப்பிட்டு இதையெல்லாம் சொன்னேன்.

"அம்மாவுக்கு முழங்கால் வலி இருக்கிறதே, மாமா. எவ்வளவு நேரம் வரிசையில் நிற்பாள்?" என்றான்.

அவன் கேட்டது நியாயம். எனக்குத் தூக்கு நாற்காலி ஞாபகம் வந்தது. "அதற்கு முன்னுரிமைச் சீட்டு வேண்டாம், அப்பா. நடக்க முடியாதவர் என்று முன்கூட்டியே எழுதிக் கேள். சக்கர நாற்காலியில் வைத்து அழைத்துப் போகிற ஏற்பாடு சாதாரணமாக எல்லாக் கப்பலிலும் இருக்கும். வலிக்காகக் கேட்பது வேறு. பெருமைக்காக வாங்குவது வேறு. தள்ளிக்கொண்டு போகிறவருக்கு உன் கையால் ஏதாவது கொடு" என்றேன்.

போனைத் தங்கை வாங்கிக்கொண்டாள். அவளும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"அண்ணா, முதலில் ஏறினால் என்ன, கடைசியில் ஏறினால் என்ன? அம்மா போன ஊருக்குத்தானே போகிறேன்! அதெல்லாம் இருக்கட்டும். உனக்குத்தான் சரித்திரம் எல்லாம் தெரியுமே, ஒன்று மட்டும் சொல்லு. பினாங்கு போகிறபோது கப்பலில் எந்தப் பக்கம் சாரல் அடிக்கும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஏரியில் முதல் படகு புறப்பட்டுக்கொண்டிருந்தது.