யாருடைய வசந்தம்?

மூன்று வருடத்துக்கு முன் ஒரு சித்திரை முதல் நாளில், மாங்காய்ப் பச்சடியில் வேப்பம்பூ மிதந்த அதே காலையில், நான் ஆயுர்வேத முறைப்படி வாழ ஆரம்பித்தேன். போனில் ஒரு செயலி இருந்தது. வருடத்தை மூன்றாக வெட்டி, மார்ச்சிலிருந்து ஜூன் வரை கப காலம் என்று போட்டிருந்தது. விடியலுக்கு முன் எழு. உலர்ந்த பொடியால் உடம்பைத் தேய். இஞ்சித் தண்ணீரில் தேன் விட்டுக் குடி. பால், தயிர், இனிப்பு, நெய் வேண்டாம். காரமும் கசப்பும் கூடட்டும். பகலில் தூங்காதே. வியர்க்க வியர்க்க ஓடு.

ஒன்று விடாமல் செய்தேன். அம்மா இரண்டாம் நாளே ஆரம்பித்துவிட்டாள். "இந்த வெயில்ல மோர் வேணாம்ங்கறே, ஓட்டம் மட்டும் வேணுமாக்கும்?" என்றாள். "இது அஞ்சாயிரம் வருஷத்து அறிவும்மா" என்று நான் சொன்னது நினைவிருக்கிறது. ஒன்பதாவது நாள் பெசன்ட் நகர் கடற்கரையில் கண் இருட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டேன். உடம்பில் நீரே இல்லை என்று சொல்லி டாக்டர் ஒரு பாட்டில் சலைன் ஏற்றினார். அவ்வளவுதான் சம்பவம்.

படுத்திருக்கும்போது கோபம்தான் வந்தது. பழைய நூல்களை நம்புவதே தப்பு என்று ஒரு முடிவுக்கு வரப் பார்த்தேன். சரி, திட்டுவதற்கு முன் ஒரு தடவை படித்துவிடலாமே என்றுதான் அந்த நூல்களைத் தேடிப் போனேன். படித்த பிறகு கோபம் போகவில்லை, அது போய்ச் சேர்ந்த இடம்தான் வேறாக இருந்தது.

பருவத்துக்கு ஏற்ப வாழ்வதை இந்த நூல்கள் ருதுசரியை என்கின்றன. சரக சம்ஹிதையின் சூத்திர ஸ்தானத்தில் ஆறாவது அத்தியாயம் முழுக்க அதுதான். கி.பி. 7ஆம் நூற்றாண்டை ஒட்டி வாக்படர் எழுதிய அஷ்டாங்க ஹிருதயத்தில் மூன்றாவது அத்தியாயம். இரண்டுமே வருடத்தைச் சூரியனைக் கொண்டு பிளக்கின்றன. சூரியன் வடக்கே நகரும் ஆறு மாதம் ஆதான காலம், அதாவது சூரியன் நம்மிடமிருந்து ஈரத்தையும் வலுவையும் எடுத்துக்கொள்ளும் காலம். தெற்கே நகரும் ஆறு மாதம் விசர்க்க காலம், திருப்பிக் கொடுக்கும் காலம். சிசிரம், வசந்தம், கிரீஷ்மம் முதல் பாதியில் வரும்; வர்ஷம், சரத், ஹேமந்தம் இரண்டாம் பாதியில்.

வசந்தத்தைப் பற்றிச் சரகர் சொல்வது ஒரு கதை மாதிரி. கடுங்குளிரில் வெளிக்குளிர் உடம்பின் சூட்டை உள்ளேயே அடைத்துவைக்கிறது. பசி பெரிதாகிறது. அந்தப் பசிக்கு நெய், பால், கரும்பு, கொழுத்த இறைச்சி என்று கனமாகத் தின்னச் சொல்கிறார். அப்படித் தின்றதில் கபம் உள்ளே சேர்ந்து உறைந்து கிடக்கிறது. வசந்தத்தில் சூரியக் கதிர் பட்டதும் அது உருகி ஓடி வயிற்றுத் தீயைக் கெடுக்கிறது, நோய்கள் கிளம்புகின்றன. ஆகவே வாந்தி மருத்துவம், பொடித் தேய்ப்பு, உடற்பயிற்சி, வாற்கோதுமை, கோதுமை. புளிப்பும் இனிப்பும் கனமும் நெய்யும் விலக்கு. பகல் தூக்கம் கூடாது.

என் செயலி சொன்னது கிட்டத்தட்ட இதேதான். பொய் சொல்லவில்லை. ஆனால் கதையின் முதல் பாதியை விட்டுவிட்டது. உருகுவதற்கு முதலில் உறைந்திருக்க வேண்டுமே! டெல்லியில் ஜனவரி இரவுகள் சராசரியாக 7, 8 டிகிரிக்கு இறங்கும். சென்னையில் அதே மாதத்தில் 20 டிகிரியை ஒட்டி நிற்கும். மார்கழியில் நான் போர்வையை எடுத்ததே இரண்டு நாள். அதுவும் கொசுவுக்காக.

சரகரின் ஊர் எது என்று கேட்டால் நேராகப் பதில் சொல்வது கஷ்டம். நூல் ஆத்ரேயரும் அக்னிவேசரும் பேசிக்கொள்வதாக அமைந்தது. இமயமலைச் சாரலில் முனிவர்கள் கூடுகிறார்கள். விமான ஸ்தானத்தில் ஓர் உரையாடல் கங்கைக் கரையிலிருந்த காம்பில்ய நகரில், கோடையின் கடைசி மாதத்தில் நடக்கிறது. பிற்காலத்தில் நூலின் விடுபட்ட பகுதிகளை நிரப்பிய திருடபலர் பஞ்சநதம் என்ற ஊர்க்காரர். எல்லாம் வடக்கு. பனி உருகுவதைக் கண்ணால் பார்த்தவர்கள் எழுதிய வசந்தம் அது.

இந்தச் சிக்கல் அவர்களுக்கே தெரிந்திருந்தது என்பதுதான் என்னை உலுக்கியது. சுசுருத சம்ஹிதை ஒரே அத்தியாயத்தில் இரண்டு கணக்குத் தருகிறது. ஒன்றில் சிசிரத்தோடு ஆறு பருவம். மற்றதில் சிசிரமே கிடையாது. அதற்குப் பதில் பிராவிருட் என்று மழையின் தொடக்கத்துக்குத் தனிப் பருவம். அதில் வசந்தம் பங்குனி - சைத்திர மாதங்களுக்கு முன்னால் நகர்ந்துவிடுகிறது, வைகாசியிலேயே கோடை. ஏன் இரண்டு? உரையாசிரியர்கள் காசியபரின் பெயரால் ஒரு விளக்கம் தருகிறார்கள். கங்கைக்குத் தெற்கே மழை அதிகம், அதனால் மழைக்கு இரண்டு பருவம். வடக்கே குளிர் அதிகம், அதனால் குளிருக்கு இரண்டு. ஆறு குறுக்கே ஓடுகிறது, பருவமே மாறிவிடுகிறது. கங்கையைத் தாண்டினாலே கணக்கு மாறுமென்றால், அடையாற்றுக்கு?

நம் கணக்கு வேறு இடத்தில் தொடங்குகிறது. தொல்காப்பியத்தின் பெரும்பொழுதுகள் ஆறு: கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். எந்த மாதத்துக்கு எது என்று பிரித்துக் கொடுத்தது உரை மரபு. ஆவணி, புரட்டாசியில் கார். ஐப்பசி, கார்த்திகையில் கூதிர். சரகரின் சரத் காலம் ஏறக்குறைய இந்தக் கூதிரின் மேல்தான் வந்து விழும். அவருக்கு அது மழை ஓய்ந்து வானம் தெளிந்து நிலா காயும் பருவம். சென்னைக்கோ வருட மழையில் பாதிக்கு மேல் வந்து கொட்டும் வடகிழக்குப் பருவமழை. தெளிந்த நிலாவில் உலாவு என்று நூல் சொல்லும் நாட்களில் நாம் முழங்கால் தண்ணீரில் பால் பாக்கெட் தேடிக்கொண்டிருப்போம். சித்திரை, வைகாசிக்கு இளவேனில் என்று பெயர். பெயரில் இளமை இருந்தாலும் வேனில் வேனில்தான்.

இன்னொரு கோளாறு வானத்தில். நம் மாதங்கள் நட்சத்திரங்களைப் பிடித்துக்கொண்டு நடக்கின்றன, பருவங்களோ சூரியனைப் பிடித்துக்கொண்டு. பூமியின் அச்சு மெல்லத் தலையாட்டுவதால் இரண்டும் சுமார் 72 வருடத்துக்கு ஒரு நாள் விலகுகின்றன. சூரியன் உண்மையில் வடக்கே திரும்புவது டிசம்பர் 21, 22இல். நாம் உத்தராயணம் என்று பொங்கல் வைப்பது ஜனவரி 14, 15இல். இடைவெளி 24 நாள். ஏறத்தாழ 1700 வருடம் முன்பு இரண்டும் ஒன்றாக இருந்தன. 1957 மார்ச் 22 முதல் அரசு நடைமுறைப்படுத்திய தேசிய நாட்காட்டி, மேக்நாத் சாஹா தலைமையிலான குழு இந்த விலகலைச் சரிசெய்யத் தந்த யோசனைதான். அரசிதழில் அது இருக்கிறது. வீட்டுச் சுவரில் இல்லை.

ஒரு பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். நூல் சொன்னபடி, சூரியன் திரும்பும் நாளிலிருந்து இரண்டிரண்டு மாதமாக எண்ணினால் சிசிரம் பிப்ரவரி 20 வாக்கில் முடிகிறது. வசந்தம் ஏப்ரல் 20 வாக்கில். நான் ஆரம்பித்தது ஏப்ரல் 14. விழுந்தது 22. அதாவது சரகரின் கணக்கையே எடுத்துக்கொண்டாலும் அன்றைக்கு வசந்தம் முடிந்து கிரீஷ்மம் வந்துவிட்டது!

கிரீஷ்மத்துக்கு நூல் என்ன சொல்கிறது தெரியுமா? உப்பு, புளிப்பு, காரம் விலக்கு. உடற்பயிற்சி விலக்கு. வெயில் விலக்கு. இனிப்பாக, குளிர்ச்சியாக, நீராகச் சாப்பிடு; பால், நெய், அரிசிச் சோறு. பகலில் தூங்கலாம். அம்மா சொன்னதைத்தான் சம்ஸ்கிருதத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

வாக்படர் இன்னும் நுட்பம். ஒரு பருவத்தின் கடைசி ஏழு நாளும் அடுத்ததன் முதல் ஏழு நாளும் ருது சந்தி. அந்தப் பதினான்கு நாளில் பழைய பழக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்க வேண்டும். சட்டென்று மாற்றினால் அதுவே நோய். உடற்பயிற்சியையும் குளிர்காலத்திலும் வசந்தத்திலும்தான் பாதி பலத்துக்குச் செய்யச் சொல்கிறார், அதுவும் வலுவானவர்களுக்கு, நெய் சேர்த்து உண்பவர்களுக்கு. மற்ற காலத்தில் இன்னும் குறைவு. நான் சந்தியின் நட்டநடுவில் நெய்யை நிறுத்திவிட்டு முழுப் பலத்தோடு ஓடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இதனால் பழைய நூல் எல்லாம் சரி, நாம்தான் தப்பு என்று சொல்ல வரவில்லை. அந்த வசந்தம் யாருக்காக எழுதப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். அதில் முயலும் மானும் காடையும் கௌதாரியும் உணவு. மது உண்டு. உடம்பில் சந்தனமும் அகிலும் பூசிக்கொண்டு, பூத்த சோலையில் பெண்களோடு பொழுது போக்கச் சொல்கிறது. நூல் 'நீ' என்று விளிப்பது சொத்துள்ள ஓர் ஆணை. அவனுக்குப் பொடி தேய்த்துவிட்டவரின் வசந்தம் எப்படி இருந்தது, சமையற்கட்டில் வாற்கோதுமை இடித்தவளுக்குப் பகல் தூக்கம் விலக்கா, கிடைக்கவேயில்லையா என்று அந்த அத்தியாயத்தில் ஒரு வரியும் இல்லை. கப உருக்கம் முதலான விளக்கங்களை இன்றைய உடலியல் ஏற்பதும் இல்லை. கோடையில் ஓடாதே, நீராகச் சாப்பிடு என்பது சரி. சரகர் சொன்னதால் அது சரியாகவில்லை. வெயில் என்ன செய்யும் என்று உடம்புக்குத் தெரியும், அதனால் சரி.

ஆனாலும் அந்த நூலில் ஒரு இடத்துக்கு அடிக்கடி திரும்பிப் போகிறேன். சிகிச்சா ஸ்தானத்தின் 30ஆவது அத்தியாயத்தில் எந்த ஊருக்கு எது ஒத்துக்கொள்ளும் என்று ஒரு பட்டியல் வருகிறது. சிந்துக்காரர்களுக்குப் பால். கிழக்கே மீன். நடு நாட்டுக்கு வாற்கோதுமை, கோதுமை, பால் பொருட்கள். தெற்கே இருப்பவர்களுக்கு? பேயை. அதாவது கஞ்சி.

அந்தச் சொல்லைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். எங்கோ வடக்கே உட்கார்ந்து எழுதியவருக்குத் தெற்கே போனால் மருந்தைக்கூடக் கஞ்சி குடிப்பவன் உடம்பைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. எல்லா உடம்புக்கும் ஒரே வசந்தம் என்று அவர் சொல்லவேயில்லை. அதைச் சொன்னது என் போன்.

செயலியை நீக்கிவிட்டேன். விடியலில் எழுவது மட்டும் மிச்சமிருக்கிறது. அது நல்ல பழக்கம்தான். ஓட்டம் மார்கழி, தை, மாசியில். பங்குனி பிறந்ததும் நடையாகக் குறைத்துக்கொள்வேன், சித்திரையில் அதுவும் பாதி. இந்த ஏப்ரலில் ஒரு காலை நீராகாரத்தில் மோர் விட்டு, சின்ன வெங்காயத்தோடு அம்மா கொண்டுவந்து வைத்தாள். "உன் புஸ்தகத்துல இது இருக்கா?" என்றாள்.

"இருக்கும்மா. முப்பதாவது அத்தியாயம்" என்றேன். அவள் நம்பவில்லை.

"சரி சரி, குடி" என்றாள்.