பெருங்குடலுக்குச் சோறு போடுவது யார்?

இன்னைக்குக் கதை லண்டன்ல, ஒரு ஆபரேஷன் தியேட்டர்ல ஆரம்பிக்குது.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். கைஸ் மருத்துவமனையில் ஆர்புத்நாட் லேன் என்று ஒரு பெயர்பெற்ற அறுவை மருத்துவர். தீராத மலச்சிக்கல்னு வந்தவங்க பலருக்கு அவர் பெருங்குடலையே வெட்டி எடுத்தார். ஏன்? பெருங்குடல் ஒரு சாக்கடை, அங்க இருக்கிற பாக்டீரியா உடம்பு முழுக்க விஷத்தை அனுப்புது என்பது அந்தக் கால நம்பிக்கை. 1908-ல் நோபல் பரிசு வாங்கிய மெச்னிகாஃபும் பெருங்குடலை அப்படித்தான் பார்த்தார். லேனிடம் அறுவை செய்துகொண்டவர்களில் சிலர் இறந்தே போனார்கள். 1913-ல் லண்டன் மருத்துவர்கள் கூடி இதைப் பற்றிப் பெரிய விவாதம் நடத்தினார்கள். பிறகு அந்த ஆபரேஷன் மெல்ல வழக்கொழிந்தது. ஆனா ‘சாக்கடை’ங்கிற எண்ணம் அவ்வளவு சீக்கிரம் போகல.

1980-க்கு வருவோம். ரோடிகர் என்கிற அறுவை மருத்துவர் ஒரு எளிய கேள்வி கேட்டார்: பெருங்குடல் சுவரில் இருக்கிற செல்கள் எதைச் சாப்பிட்டு உயிர் வாழுது? ரத்தத்தில் வர்ற குளுக்கோஸ்தான்னு நமக்குத் தோணும். ஆபரேஷனில் வெட்டி எடுத்த குடல் துண்டுகளிலிருந்து செல்களைப் பிரித்து அவர் சோதித்துப் பார்த்தார். அந்தச் செல்கள் குளுக்கோஸை விட பியூட்டிரேட்டைத்தான் அதிகம் எரித்தன. அவை செலவழித்த ஆக்சிஜனில் சுமார் 70 சதவீதம் அதற்கே போனது.

பியூட்டிரேட் எங்கிருந்து வருது? நாம சாப்பிடுற நார்ச்சத்து சிறுகுடலில் செரிக்காது. பெருங்குடலுக்கு வந்ததும் அங்கிருக்கிற பாக்டீரியா அதைப் புளிக்க வைக்குது, தோசை மாவு புளிக்கிற மாதிரி. அப்போ உண்டாகிற அமிலங்களில் ஒன்றுதான் இது. அதாவது, விஷம் வைக்குதுன்னு யாரைச் சந்தேகப்பட்டோமோ, அவங்கதான் அந்தச் சுவருக்குச் சோறு போட்டுக்கிட்டு இருந்திருக்காங்க. குடற்புண் அழற்சி நோயே செல்களின் பட்டினியால் வருவதாக இருக்குமோ என்று ரோடிகர் அதே ஆண்டு கேட்டார்.

அந்தக் கேள்விக்கு ஒரு துப்பு கிடைச்சது. சிலருக்கு மலம் வயிற்று வழியா வெளியேறும்படி ஆபரேஷன் செய்வாங்க. அப்போ கீழ்க்குடல் வெறுமையா கிடக்கும். கொஞ்ச நாளில் அங்கே அழற்சி வரும். 1989-ல் அப்படிப்பட்ட 4 பேருக்கு பியூட்டிரேட் கலந்த கரைசலை உள்ளே செலுத்தினார்கள், புண் ஆறியது. ஆனா பிறகு நடந்த எல்லா ஆய்விலும் அதே பலன் கிடைக்கல என்பதையும் சொல்லணும்.

2011-ல் அமெரிக்காவில் பாக்டீரியாவே இல்லாமல் வளர்த்த எலிகளைப் பார்த்தார்கள். அவற்றின் பெருங்குடல் செல்கள் சக்தியில்லாம, தங்களைத் தாங்களே தின்ன ஆரம்பிச்சிருந்தது. பியூட்டிரேட் கொடுத்ததும் அது நின்றது. 2013-ல் இன்னொரு உண்மை வெளிவந்தது: நோய் எதிர்ப்பு அணியில் ‘போதும், நிறுத்து’ன்னு சொல்லுகிற செல்கள் பெருகவும் பியூட்டிரேட் உதவுது. ஆக, ஒரே பொருள் சுவருக்கு உணவு, காவலர்களுக்குக் கடிவாளம்.

இந்தக் கதையில் நம்ம ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. இந்த அமிலங்கள் இருந்தா பெருங்குடல் உப்பையும் தண்ணீரையும் நல்லா உறிஞ்சும். வேலூர் சி.எம்.சி.யில் பி.எஸ். ராமகிருஷ்ணா குழுவினர் காலரா நோயாளிகள் 48 பேரிடம் இதைச் சோதித்தார்கள். சிலருக்கு, உப்பு-சர்க்கரைக் கரைசலில் எளிதில் செரிக்காத மாவுச்சத்தைக் கலந்து கொடுத்தார்கள். சாதாரணக் கரைசல் குடித்தவர்களை விட அவர்களுக்கு வயிற்றுப்போக்கு சீக்கிரம் நின்றது. 2000-ல் அந்த ஆய்வு வெளியானது.

இதைக் கேட்டுட்டு யாரும் குடல் நோய்க்கான மாத்திரையை நிறுத்திடாதீங்க. பியூட்டிரேட் இன்னும் அதுக்கு மாற்று மருந்தாகல. ஆனா லேன் காலத்தில் வெட்டி எறியப்பட்ட குடல்களை நினைச்சுப் பாருங்க. அந்தச் செல்கள் என்ன சாப்பிடுதுன்னு அன்னைக்கு யாரும் கேட்கவே இல்லை.