திருமலைராயன்பட்டினம்: மன்னன் பெயரும் புலவன் வசையும்

1880-ஆம் ஆண்டின் பிரெஞ்சு ஆணை காரைக்கால் வட்டாரத்தில் கொம்யூன்களை, அதாவது மேயரையும் தேர்ந்தெடுக்கப்பட்ட அவையையும் கொண்ட உள்ளாட்சிகளை, நிறுவிய வரலாறே இவ்வாரத்துக்கு உரியது. எனினும், அவற்றுள் ஒன்றான திருமலைராயன்பட்டினத்தின் பெயர்க்காரணத்தைச் சொல்லாமல் அவ்வரலாற்றுக்குள் புக இயலாது.

காஞ்சிபுரத்தை அடுத்த நெசவாளர் ஊரான ஐயம்பேட்டையின் பெயரிலுள்ள ‘பேட்டை’ சந்தையையும் கைத்தொழிலையும் சுட்டுவதுபோல், ‘பட்டினம்’ கடற்கரை வணிக ஊரைச் சுட்டும். முன்னுள்ள பெயர், 15-ஆம் நூற்றாண்டில் விஜயநகர அரசுக்கு அடங்கிச் சோழநாட்டுப் பகுதியை ஆண்ட திருமலைராயனுடையது. இப்பகுதியில் கடலைச் சேரும் காவிரிக் கிளையும் திருமலைராஜனாறு என்றே வழங்குகிறது.

ஆற்றுக்கும் ஊருக்கும் பெயர் தந்த இம்மன்னனைத் தமிழுலகம் நினைவில் வைத்திருப்பதோ காளமேகப் புலவரால்தான். திருவரங்கத்து மடைப்பள்ளியில் பணியாற்றிய வரதன், திருவானைக்காவில் அகிலாண்டேசுவரியின் அருளால் கவி மழை பொழியும் காளமேகமானார் என்பது மரபுக் கதை. அவர் திருமலைராயன் அவைக்கு வந்தபோது, அவைப் புலவரான அதிமதுர கவியும் பல்லக்கில் பவனிவரும் அறுபத்துநான்கு தண்டிகைப் புலவர்களும் அவருக்கு இருக்கை தரவும் மறுத்து, எமகண்டம் பாட அழைத்தனர். எமகண்டம் என்பது, கொதிக்கும் எண்ணெய்க் கொப்பரைக்கு மேலே தொங்கும் உறியில், கழுத்திலும் இடையிலும் கத்திகள் கட்டப்பட்ட நிலையில் அமர்ந்து, கேட்பவர் கொடுக்கும் குறிப்புக்கெல்லாம் தயங்காமல் வெண்பா பாட வேண்டிய உயிர்ப் பந்தயமாகும். காளமேகம் வென்றார், மன்னன் பாராட்டவில்லை, வெகுண்ட புலவர் மண்மாரி பெய்து ஊர் அழியுமாறு வசை பாடினார்.

இக்கதையில் பெருங்குற்றவாளி அதிமதுர கவி அல்லர். புலவனுக்குப் புலவன் பொறாமைப்படுவது உலக இயல்பு, ஆனால் நடுநிலை காக்க வேண்டிய அரசன் வாய்மூடி இருந்ததற்குச் சமாதானம் கிடையாது. மண்மாரியைப் பொறுத்தவரை, காற்று மணலை வாரி இறைக்கும் கடற்கரை ஊரில் இத்தகைய கதை வேர்விட்டதில் வியப்பில்லை.

வசையோ மன்னனின் பெயரை அழிக்கவில்லை. பின்னர் வந்த பிரெஞ்சு நிர்வாகம் இவ்வூரை, சிற்றூரைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து பிறந்த ‘அல்தே’ என்பதைக் கொண்டு, ‘பெரிய ஊர்’ என்ற பொருளில் ‘கிராந்த் அல்தே’ என ஏடுகளில் எழுதியது. 1954-இல் பிரெஞ்சு ஆட்சி விலகியது. இன்றைய கொம்யூன் பஞ்சாயத்து திருமலைராயனின் பெயரையே தாங்குகிறது. புலவனுக்குப் பரிசளிக்காத மன்னனுக்கு வரலாறு இவ்வளவு தாராளம் காட்டியிருக்க வேண்டியதில்லை.

1880-ஆம் ஆண்டின் ஆணை அடுத்த இதழில்.