தாத்தாவோட ட்ரேட்: கார்பென்டர்

எங்க தாத்தா ரெண்டாம் உலகப்போருக்குப் போனவர்னு சொன்னா ஆபீஸ்ல வர்ற முதல் கேள்வி, "எத்தனை பேரைச் சுட்டாரு?" எனக்குத் தெரிஞ்சு அவர் கையில துப்பாக்கியைவிட உளி இருந்த நேரம்தான் அதிகம். அவரோட டிஸ்சார்ஜ் புக்ல, ட்ரேட் என்ற இடத்தில் 'கார்பென்டர்' என்று எழுதியிருக்கிறது. இன்னைக்கு எபிசோட் அந்த ஒரு சொல்லைப் பத்திதான்.

முதல்ல கொஞ்சம் பின்னணி. மெட்ராஸ் சாப்பர்ஸ் 1780-ல் தொடங்கிய படைப்பிரிவு, தலைமையகம் பெங்களூர். பாலம் கட்டுவது, ரோடு போடுவது, கண்ணிவெடி எடுப்பது எல்லாம் இவங்க வேலை. முள்வேலியைத் தகர்க்கிற 'பெங்களூர் டார்பிடோ' 1912-ல் இவர்களிடம்தான் உருவானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பிரிட்டிஷ் தளபதிகள் 'மார்ஷியல் ரேஸ்' என்ற கோட்பாட்டைப் பிடித்துக்கொண்டு, தென்னிந்தியர்கள் சண்டைக்கு லாயக்கில்லை என்று முடிவுகட்டினார்கள். மெட்ராஸ் காலாட்படை ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டது. 1939-ல் போர் தொடங்கியபோது அதில் ஒரு ரெகுலர் பட்டாலியன்கூட மிச்சமில்லை. சாப்பர்ஸ் மட்டும் தப்பித்தது. வேலை தெரிஞ்சவனை அவ்வளவு சுலபமா தூக்கிட மாட்டாங்க, இல்லையா?

தாத்தா வேலூர் பக்கம் ஒரு கிராமத்தில், சேரியில் பிறந்தவர். பறையர் சமூகத்து ஆட்கள் சாப்பர்ஸில் தலைமுறைகளாக இருந்திருக்கிறார்கள், அதனால் 1942-ல் அவர் அங்கே போனது ஆச்சரியமில்லை. ஆச்சரியம் அங்கே கிடைத்த வேலைதான். ஊரில் மரவேலை பிறப்பால் வருவது. பெங்களூரில் அது ட்ரேட் டெஸ்டால் வந்தது. இழைப்புளி பிடிக்கத் தெரியுதா, அளவு தப்பாம பொருத்து போடத் தெரியுதா, அவ்வளவுதான் கேள்வி. பாஸானா சம்பளத்தில் கூடக் கொஞ்சம் காசு.

அப்புறம் பர்மா. அங்கே பெரிய்ய ஹீரோ பெய்லி பாலம். 10 அடி நீள இரும்புச் சட்டங்கள், ஒவ்வொன்றையும் ஆறு பேர் தூக்கலாம், கிரேன் வேண்டாம், பின் சொருகி இணைத்துக்கொண்டே போகலாம். மாட்யூலர் டிசைன்னு நாம இன்னைக்கு மீட்டிங்ல பீத்திக்கிறோமே, அதேதான். 1944 டிசம்பரில் கலேவாவில் சிந்துவின் ஆற்றுக்கு மேல் 1,154 அடிக்கு மிதவைப் பெய்லி பாலம் போட்டார்கள். இரும்பு சரி, லாரி ஓடுற தளம் மரப்பலகை. தாத்தா போரைப் பத்திப் பேசினா ஜப்பான்காரன் வரமாட்டான். மழையும், ஊறிப்போன பலகையும்தான் வரும்.

1946-ல் ஊருக்கு அனுப்பிட்டாங்க. பென்ஷனுக்கு 15 வருஷ சர்வீஸ் வேண்டும். போருக்காகச் சேர்ந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு நாலைந்து வருஷம்தான் கணக்கு. ஆக, கையில் இருந்தது தொழில் மட்டும்.

வேலை சுத்தம், கூலி குறைவு. அதனால ஊர்த்தெருவிலிருந்தும் கூப்பிட்டார்கள். வீட்டுக்குள் இல்லை, களத்துமேட்டில் உட்கார்ந்து நிலையும் கதவும் செய்து தருவார். நிலை வைக்கிற நாள் காலையில் மட்டும் வேறொருவர் வருவார். மஞ்சள் குங்குமம் வைத்து, பூஜை போட்டு, வேட்டி துண்டும் வெற்றிலை பாக்கில் வைத்த பணமும் அவர் வாங்கிக்கொள்வார். தாத்தாவுக்குக் கூலி, சாயங்காலம், பின்வாசலில். இதை அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும், தாத்தா ஒருநாளும் சொன்னதில்லை. ஊர் அவரை 'மிலிட்டரி' என்று கூப்பிட்டது. மரியாதையாகத்தான். ஆனா அறுபது வருஷம் மரவேலை செஞ்ச மனுஷனை ஒருத்தரும் 'ஆசாரி'ன்னு கூப்பிடலை. மிலிட்டரின்னு சொல்லிட்டா அந்தச் சொல்லைத் தவிர்த்துவிடலாம் இல்லையா? எனக்கு அப்படித்தான் படுது.

தமிழ்நாடு அரசு ரெண்டாம் உலகப்போர் வீரர்களுக்கும் அவங்க மனைவிமார்களுக்கும் மாதாமாதம் உதவித்தொகை தருகிறது. தாத்தா போனபிறகு பாட்டி பேருக்கு எழுதிக் கொடுத்தோம். அத்தாட்சி கேட்டாங்க. வீடெல்லாம் தேடி, கடைசியில் டிஸ்சார்ஜ் புக் உளிப்பெட்டியின் அடியில் இருந்தது. கவுன்டரில் இருந்தவர் புரட்டிப் பார்த்துட்டு, சாதாரணமா, "ஐயா ஆசாரியாம்மா?" என்றார்.

பாட்டி ஒரு நொடி என்னைப் பார்த்தாங்க. அப்புறம் அவர் பக்கம் திரும்பி, "ஆமாங்க, பெங்களூர்ல டெஸ்ட் எழுதி பாஸானவரு"ன்னாங்க.

உங்க வீட்டு டிரங்குப் பெட்டியிலயும் இப்படி ஒரு புக் கிடக்கலாம். கிடைச்சா முதல்ல மெடல் பக்கத்தைத் தேடாதீங்க, ட்ரேட் என்னன்னு பாருங்க. பார்த்துட்டு எங்களுக்கும் எழுதுங்க.