சோணையாற்றுப் பாலம்

தென்னாட்டிலிருந்து பாட்னாவுக்கு வரும் சங்கமித்ரா விரைவு வண்டி, ஆரா நிலையத்தைத் தாண்டிச் சிறிது தூரத்தில் ஒரு நீண்ட இரும்புப் பாலத்தின்மேல் ஏறுகின்றது. நம் சங்கத்து அன்பர்களுள் பலர் இந்நகருக்கு முதன்முதலாக வந்தது அப்பாலத்தைக் கடந்துதான். ஆயினும் அதனை நின்று பார்த்தவர் எத்தனை பேர்? ரயில்வேயில் குமாஸ்தாவாகப் பல்லாண்டு கழித்த நாங்களும் அதனைக் காகிதத்தில் வரும் பெயராகவே அறிந்திருந்தோம். இக்குறை தீர, 2019ஆம் ஆண்டுத் தை மாதத்து ஞாயிறு ஒன்றில், அலுவலக நண்பரின் மோட்டார் சைக்கிளில் தானாப்பூரிலிருந்து பிஹ்டா வழியே கோயில்வருக்குச் சென்றோம்.

இப்பாலத்தின் வேலை 1856இல் தொடங்கிற்று. மறு ஆண்டே பெருங்கிளர்ச்சி மூண்டது. 1857 சூலை 25ஆம் நாள் தானாப்பூரில் எழுந்த சிப்பாய்கள் சோணையைக் கடந்து ஆராவை அடைந்து, ஜகதீஷ்பூர்க் குன்வர் சிங்கின் தலைமையை ஏற்றனர். முதியவரான அவ்வீரரின் படை, ஆராவில் வெள்ளையர் புகுந்திருந்த ஒரு சிறு மாடிக் கட்டடத்தை ஒரு வாரம் முற்றுகையிட்டது. அக்கட்டடத்தை முன்கூட்டியே அரண்செய்து வைத்தவர் விக்கர்ஸ் பாயில் என்னும் ரயில்வே எஞ்சினியர் என்பது எம்போன்றோர்க்கு வியப்பூட்டும் செய்தி. கிளர்ச்சியால் தடைப்பட்ட பாலம் 1862இல் முடிவுற்றது. நீளம் ஏறத்தாழ 1,440 மீட்டர். 1900இல் இதே ஆற்றின்மேல் டெஹ்ரியில் மற்றொரு பாலம் திறக்கப்படும்வரை, இந்நாட்டின் மிக நீண்ட பாலம் இதுவே.

மேலே இருப்புப் பாதை; கீழே சாலை. கீழ்த்தளத்தில் இரும்புச் சட்டங்களுக்கிடையே நாங்கள் மெல்ல ஊர்ந்து செல்கையில், தலைக்குமேல் ஒரு வண்டி ஓடிற்று. பாலம் முழுதும் அதிர்ந்தது. வண்டி சென்று மறையும்வரை நாங்கள் இருவரும் வாய் திறக்கவில்லை.

இதனை வரைந்த ரெண்டெல் என்பாரின் பெயர் நூல்களில் உண்டு. மணலிலும் வெள்ளத்திலும் நின்று உழைத்த கூலியாட்களின் பெயரோ எங்கும் இல்லை. ஆனால் விடுதலைக்குப் பின் இப்பாலத்துக்கு இடப்பட்ட பெயர், தொழிலாளர் தலைவர் அப்துல் பாரியினுடையது. ஜாம்ஷெட்பூர்த் தொழிலாளருக்காகப் போராடிய அப்பேராசிரியர் 1947 மார்ச்சில் சுட்டுக் கொல்லப்பட்டார். பெயரற்ற உழைப்பாளிகளுக்கு இதைவிடப் பொருத்தமான நினைவுக்குறி வேறு என்ன வேண்டும்?

திரும்பும்முன் கரையில் அமர்ந்து கட்டுச்சோறு உண்டோம். மணல் ஏற்றும் படகுகள் ஆறெங்கும் நின்றன. அப்போது நண்பர் குறுந்தொகையின் 75ஆம் பாட்டை நினைவூட்டினார். தலைவன் வரவை அறிவித்த பாணனுக்குப் பொன் நிறைந்த பாடலி நகரையே பரிசாகக் கூறுகிறாள் தலைவி. அந்நகரை யானைகள் நீராடும் சோணையாற்றோடு சேர்த்துச் சொல்கிறார் புலவர் படுமரத்து மோசிகீரனார். பாடலியே இன்றைய பாட்னா; அச்சோணையே எங்கள் காலடியில் ஓடியது. பிழைப்புக்காக வந்த அயலூர் என்றே இதனைக் கருதியிருந்த எங்களுக்கு அன்று நாணம் உண்டாயிற்று.

2020 டிசம்பரில் அருகே புதிய சாலைப் பாலம் திறக்கப்பட்டுவிட்டது. எனினும் ரயிலில் ஊர் செல்லும் அன்பர்கள் கோயில்வர் வரும்போது உறங்கிவிட வேண்டா. சன்னலைத் திறந்து பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்: இது நம் புலவர் பாடிய ஆறு, பெயர் தெரியாதோர் கட்டிய பாலம்.